எண் குறையக் குறைய ஆபத்து: குவாம் தீவின் புயல் கடிகாரம்

எங்கள் துறையில் நடுராத்திரி அலர்ட் வந்தால் முதலில் அதன் எண்ணைத்தான் பார்ப்போம். பி4 என்றால் காலையில் பார்த்துக்கலாம். பி1 என்றால் தூக்கம் போச்சு. இதே மாதிரி இறங்குவரிசை எண்களோடு ஒரு தீவே வாழ்கிறது என்று தெரிந்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. சில வாரங்களாகத் தேடிப் படித்ததின் சுருக்கம்தான் இது.

மேற்கு பசிபிக்கில் இருக்கும் குவாம், அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. நீளம் சுமார் 50 கி.மீ. தான். அங்கே புயலுக்கு 'தயார்நிலை' என்று நான்கு படிகள் உண்டு. ஆளுநர் அறிவிப்பார். அழிவுக்காற்று 48 மணி நேரத்துக்குள் வரக்கூடும் என்றால் 3. 24 மணி நேரம் என்றால் 2. 12 மணி நேரம் என்றால் 1. அப்போது கடை, அலுவலகம் எல்லாம் மூடியாச்சு, ஆட்கள் வீட்டுக்குள். வானம் பளிச்சென்று இருக்கும் நாளிலும் தீவு 4-இல்தான் நிற்கும். அங்கே புயல் எந்த மாதத்திலும் வரலாம்.

என்னை யோசிக்க வைத்தது இதுதான்: இந்த எண் புயல் எவ்வளவு பெரிசு என்று சொல்வதில்லை, கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று சொல்கிறது. ஏன் அப்படி?

கொஞ்சம் பின்னால் போவோம். 1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே அமெரிக்கக் கடற்படை ஒரு புயலுக்குள் போய் மாட்டிக்கொண்டது. மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின. சுமார் 790 பேர் இறந்தார்கள். ராணுவம் புயல் கணிப்பைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள இது ஒரு முக்கியக் காரணம். 1959-இல் கடற்படையும் விமானப்படையும் சேர்ந்து நடத்தும் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் குவாமிலேயே தொடங்கியது. ராணுவத் தளங்களிலும் இதே மணிக்கணக்குதான். கப்பலுக்கும் விமானத்துக்கும் வேண்டியது 'கிளம்ப எவ்வளவு நேரம்' என்ற பதில் இல்லையா? அதனால்தான் அளவுகோல் இப்படி அமைந்தது என்பது என் ஊகம்.

ஆனால் தீவில் குடியிருக்கிறவர்கள் எங்கே கிளம்புவது? ஐம்பது கிலோமீட்டர் நிலத்தில் உள்ளூர்ப் பக்கமாக ஓட இடமே இல்லை.

1962 நவம்பர் 11-இல் கேரன் புயல் வந்தது. உச்சக் காற்று வருவதற்கு முன்பே காற்றளக்கும் கருவிகள் போய்விட்டன. 95 சதவீத வீடுகள் சேதமாயின அல்லது அழிந்தன. குறைந்தது 45,000 பேருக்கு வீடில்லை. இவ்வளவுக்கும் குவாமில் இறந்தவர்கள் 11 பேர். எச்சரிக்கை முன்பே கிடைத்து, மக்கள் உறுதியான கட்டடங்களுக்குள் ஒதுங்கியிருந்தார்கள். ஆக, எச்சரிக்கை உயிரைக் காப்பாற்றியது. வீட்டைக் காப்பாற்ற அதனால் முடியவில்லை.

அதற்கான பதில் சிமெண்டில் வந்தது. கேரனுக்குப் பிறகு மரமும் தகரமும் பின்னால் போய், தட்டைக் கூரை போட்ட கான்கிரீட் வீடுகள் பெருகின. இன்றைக்கு குவாம் போனால் கண்ணில் படுவது அவைதான்.

2023 மே 24-இல் மாவார் புயல் வந்தபோது ராணுவக் கப்பல்கள் வழக்கம்போல் கடலுக்குப் போய்விட்டன. மக்கள் இருந்தார்கள். கான்கிரீட் அல்லாத வீடுகளில் இருந்தவர்களை இடம் மாறச் சொன்னார்கள். பெரும்பாலான வீடுகள் நின்றன. ஆனால் சுமார் 52,000 மின் இணைப்புகளில் மிஞ்சியது ஏறத்தாழ ஆயிரம்தான். தண்ணீரும் பல இடங்களில் நின்றுபோனது.

கிளம்புகிறவர்களுக்காகப் பிறந்திருக்கக்கூடிய ஒரு கடிகாரத்தை, இருக்கிறவர்கள் வேலைப்பட்டியலாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 3 என்றால் பெட்ரோலும் தண்ணீரும். 2 என்றால் ஜன்னலுக்குப் பலகை. 1 என்றால் கதவைச் சாத்து. புயல் போனதும் தீவு மறுபடி 4-க்குத் திரும்பும். அதற்கு மேல் நிம்மதி எண் எதுவும் அவர்களுக்குக் கிடையாது.

1997-இல் பாகா புயலின்போது ஒரு கருவி மணிக்கு 236 மைல் என்று காட்டியதும், அதை நம்ப முடியாது என்று பிறகு ஒதுக்கியதும் தனிக்கதை. சென்சார் டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குப் பிடிக்கும். அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.