தூத்துக்குடி கேட்ட ஓய்வுநாள்

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாள் என்பது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. பள்ளியும் அலுவலகமும் அன்று அடைத்திருக்கும். ஆலயமணி ஒலித்ததும் திருப்பலிக்கு வருகிறோம். ஆனால் நம் தென்பகுதித் தொழிலாளர் அந்த ஒரு நாளைப் போராடித்தான் பெற்றனர் என்பதை நம்மில் எத்தனைபேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் துறைமுக நகரான தூத்துக்குடியில், பிரித்தானியரான ஹார்வி நிறுவனத்தாரின் நிர்வாகத்தில் கோரல் பஞ்சாலை இயங்கிவந்தது. கூலியோ குறைவு, வேலை நேரமோ நீண்டது. வார விடுமுறை என்பதே கிடையாது. 1908 பிப்ரவரி 27 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைக்குச் செல்ல மறுத்தனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்களது முதன்மையான கோரிக்கைகள். வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களை வழிநடத்தினர்.

வேலையின்றி நின்றோருக்காக வ.உ.சி. நகரத்தாரிடம் பொருள் திரட்டினார். போராட்டத்தைப் பழித்த வழக்கறிஞர் ஒருவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, பாதியிலேயே கத்தியை மடக்கிக்கொண்டு போய்விட்டாராம். ஆலைக்குள் காலடி வைத்திராத எளியவரும் அப்போராட்டத்தைத் தமதென்று கொண்டனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? மார்ச் மாதத்தின் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி ஐம்பது விழுக்காடு உயர்ந்தது. ஞாயிறு விடுமுறை நாளாயிற்று.

கூலிக்காக எழுந்த இப்போராட்டம் ஆட்சியாளரை ஏன் அச்சுறுத்தியது? 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி அயலாரின் கடல் வணிகத்தையே எதிர்த்தவர் வ.உ.சி. அவர் பின்னால் இப்போது தொழிலாளரும் அணிதிரண்டு நின்றனர். முதலாளியிடம் 'மாட்டோம்' என்று சொல்லக் கற்றவர்கள், நாளை அரசிடமும் அதையே சொல்வார்கள் அல்லவா? மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். கைதைக் கண்டித்து ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். இம்முறை அவர்கள் தமக்காக எதையும் கேட்கவில்லை.

எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் போலந்து நாட்டில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்புநோக்குவது நலம். 1980 ஆகஸ்டு 14 அன்று கிதான்ஸ்க் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வேலையினின்று நீக்கப்பட்ட அன்னா வாலந்தினோவிச் என்னும் பெண் தொழிலாளியைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பது முதற்குரல்களுள் ஒன்று. இரண்டு நாள்களில் அத்தளத்தாரின் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. பலர் வீடு திரும்பத் தொடங்கினர். அப்போது அன்னாவும் வேறு சில பெண்களும் வாயிலில் நின்று, 'நம்மை நம்பி வேலையை நிறுத்திய சிறிய ஆலைகளின் கதி என்ன?' என்று கேட்டுத் தடுத்தனர். 'தோழமை' எனப் பொருள்படும் சாலிடாரிட்டி இயக்கம் அந்தத் தங்கிநிற்றலிலிருந்துதான் பிறந்தது. அவர்களுடைய 21 கோரிக்கைகளில் சனிக்கிழமை ஓய்வும், எல்லாச் சமயத்தாரும் ஊடகங்களைப் பயன்படுத்தும் உரிமையும் இடம்பெற்றிருந்தன. தொழிலாளரின் பெயராலேயே ஆண்ட அரசிடம் தொழிலாளர் ஓய்வையும் வழிபாட்டையும் கேட்டுப் பெறவேண்டியிருந்தது! 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்தது. தொழிலாளரின் பக்கம் நின்ற அருட்தந்தை ஜெர்சி பொப்பியெலூஸ்கோ 1984இல் கொல்லப்பட்டார். ஆயினும் தோழமை அழியவில்லை. 1989 தேர்தலில் அது வென்றது.

தூத்துக்குடியின் கதை அவ்வாறு முடியவில்லை. நாற்பது ஆண்டுத் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, சிறையில் செக்கிழுத்த வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையானபோது, அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் எதுவும் காத்திருக்கவில்லை. 1936இல் மறையும்வரை வறுமை அவரை விடவில்லை. அவர் பெற்றுத்தந்த ஓய்வுநாள் நிலைத்தது. அவரோடு நின்ற தோழமை நிலைக்கவில்லை.

எகிப்தில் இஸ்ரயேலர் வழிபாட்டுக்கு விடுப்புக் கேட்டபோது, அவர்களைச் சோம்பேறிகள் என்றான் பார்வோன். வைக்கோல் தராமலேயே அதே அளவு செங்கல் கேட்டான். அதனால்தான் ஓய்வுநாள் கட்டளை, வீட்டுத் தலைவனோடு பணியாளும் இளைப்பாற வேண்டும் என்கிறது.

நம் கீழப்பாவூர் வட்டாரத்திலோ பல இல்லங்களில் மடியில் சுளகு ஏந்திப் பெண்கள் பீடி சுற்றுகின்றனர். பீடித் தொழிலாளருக்கென 1966இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. எனினும் சுற்றும் எண்ணிக்கைக்கே கூலி என்னும்போது, ஓய்ந்த நாளின் கூலி எங்கிருந்து வரும்? ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவசர அவசரமாய் வீடு திரும்பும் சகோதரி, விட்ட கணக்கை முடிக்கவே ஓடுகிறாள். நமக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்று நாம் வீடு திரும்பிவிடலாமா, அல்லது கிதான்ஸ்க் பெண்களைப்போல வாயிலில் சற்று நின்று, அவளது கதி என்ன என்று கேட்போமா?