ஒரு லைக், ஒரு ஓகே, ஒரு டிக்... உங்க போனுக்குள்ள இருக்குற உரிமைகள் தெரியுமா?

போனைக் கையில் எடுத்ததும் யோசிக்காமலே நாம செய்யுற வேலைகள் மூணு. யாரோ போட்ட பதிவுக்கு ஒரு லைக், புதுசா இறக்கின ஆப் கேட்கிற அனுமதிக்கு ஒரு ஓகே, ஷாப்பிங் பண்ணும்போது கண்ணில் படாமலே விழுந்திருக்கும் ஒரு டிக். இந்த மூணுக்கும் பின்னால் சட்டம் இருக்கிறது. ஆனால், அந்தச் சட்டம் தானா வந்து உங்களைக் காப்பாத்தாது. நீங்க கேட்டால்தான் வேலை செய்யும்.

லைக்: பேச்சுரிமை

2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை மொத்தமும் ஸ்தம்பித்தது. 'எதற்காக இந்தக் கடையடைப்பு?' என்ற ரீதியில், பக்கத்து ஊரான பால்கரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவர் தோழி அதற்கு லைக் போட்டார். இரண்டு பேருமே கைது!

அன்றைக்குக் காவல்துறை கையில் இருந்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. ஆன்லைனில் அடுத்தவருக்கு 'எரிச்சல்' ஏற்படுத்தினால்கூட 3 ஆண்டுகள் வரை சிறை. எது எரிச்சல் என்று சட்டத்தில் விளக்கமே இல்லை. ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவையே நீதிமன்றம் ரத்து செய்தது.

கதை அத்தோடு முடியவில்லை. செத்துப்போன அந்தப் பிரிவில் பல ஆண்டுகளாக வழக்குகள் தொடர்ந்து பதிவாகின. 2022 அக்டோபரில், 'இனி யார் மீதும் 66ஏ-வில் வழக்கு கூடாது' என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதனால், உங்கள் பதிவுக்காக யாராவது விசாரணைக்கு அழைத்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

அதுக்காக என்ன வேணா எழுதலாம்னு அர்த்தமில்லை. அவதூறு, வன்முறையைத் தூண்டுவது, அடுத்தவரின் அந்தரங்கப் படத்தைப் பகிர்வது எல்லாம் இன்றும் குற்றம்தான். 'நான் எழுதலை, ஃபார்வர்டுதான் பண்ணேன்' என்பதும் தப்பிக்க வழி ஆகாது.

உங்கள் பதிவையோ கணக்கையோ ஒரு தளம் காரணமே இல்லாமல் நீக்கிவிட்டதா? ஒவ்வொரு தளமும் புகார் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்து சேர்ந்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் உறுதிப்படுத்த வேண்டும். அவர் முடிவு திருப்தி தராவிட்டால், 30 நாள்களுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். ஆனால், அரசே ஒரு பதிவை முடக்கச் சொல்லியிருந்தால் விஷயம் வேறு. 69ஏ பிரிவின் கீழ் வரும் அந்த உத்தரவுகள் ரகசியமாக வைக்கப்படுகின்றன. காரணம் தெரியாமலே நீதிமன்றம் போக வேண்டிய நிலை வரலாம்.

ஓகே: தனியுரிமை

அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்குத் தொடுத்தவர், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக வந்ததுதான் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகே அமலாகும். அமலானதும் உங்களுக்கு என்னென்ன கிடைக்கும்?

* என்ன தகவல் எடுக்கிறார்கள், எதற்கு என்று எளிமையாகச் சொல்ல வேண்டும். அதைத் தமிழில் படிக்கவும் வசதி தர வேண்டும்.
* வேலைக்குத் தேவையான தகவலை மட்டுமே எடுக்கலாம். மருத்துவ ஆலோசனை தரும் ஆப்புக்கு உங்கள் கான்டாக்ட் லிஸ்ட் எதற்கு? இந்த உதாரணம் சட்டத்திலேயே இருக்கிறது.
* ஓகே கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.
* உங்கள் தகவலைத் திருத்தவும் அழிக்கவும் சொல்லலாம்.
* 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

தகவலைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குத்தான் போகும், பாதிக்கப்பட்ட உங்களுக்கு வராது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி, தன் அமைப்புகளுக்கு அரசு விலக்கு கொடுத்துக்கொள்ளவும் முடியும். இந்தச் சட்டத்தின் மீதான பெரிய விமர்சனமே இதுதான்.

டிக்: நுகர்வோர் உரிமை

'இன்னும் 2 மட்டுமே மீதி!' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நீங்கள் கேட்காத இன்ஷூரன்ஸைக் கூடையில் சேர்ப்பது, கடைசி ஸ்க்ரீனில் புதுக் கட்டணம் காட்டுவது, சந்தாவை ரத்து செய்யும் பட்டனை ஒளித்துவைப்பது... இவற்றுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர். இப்படி 13 வகைத் தந்திரங்களுக்கு 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. முன்கூட்டியே டிக் போட்டுவைத்து, அதையே உங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்வதை 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளே தடுக்கின்றன. கடை கவுன்ட்டரில் 'நம்பர் சொன்னாத்தான் பில்' என்று கட்டாயப்படுத்துவதும் தவறு.

ஏமாந்துட்டீங்களா? முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். தேதி, ஆர்டர் எண், பணம் போன விவரம் மூன்றும் அதில் தெரியட்டும். அடுத்து, நிறுவனத்தின் புகார் அதிகாரிக்கு எழுதுங்கள். ஷாப்பிங் தளங்கள் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது.

ஆன்லைன் மோசடியில் அக்கவுன்ட்டிலிருந்து பணம் போயிருந்தால் மட்டும் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. 1915, 1930 இரண்டையும் இப்பவே சேவ் பண்ணிடுங்க. அம்மா, அப்பா போன்லயும்!