ஒட்டுத்துணிப் போர்வை முதல் வயர் கூடை வரை: தென் சென்னைப் புறநகரில் கைவேலையின் வரலாறு

வீட்டில் மிஞ்சிய துணி, ஓலை, காகிதம், பிளாஸ்டிக் வயர் போன்றவற்றைக் கொண்டு பயனுக்காகவும் விளையாட்டாகவும் பொருள்கள் செய்வதைக் கைவேலை என்கிறோம். கைத்தொழில் பிழைப்புக்காகச் செய்யப்படுவது. கைவேலை பெரும்பாலும் ஓய்வு நேரத்தில், வீட்டுத் தேவைக்காகவோ மனமகிழ்ச்சிக்காகவோ செய்யப்படுவது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றில் பெரும் விவாதத்தை எழுப்பியிருக்கிறது. அடையாறு, திருவான்மியூர், ஈஞ்சம்பாக்கம், முட்டுக்காடு, தாம்பரம் ஆகிய ஊர்களில் நிகழ்ந்தவற்றை வைத்து அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கந்தையும் போர்வையும்

பழந்துணிகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் உண்டு. வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். சமஸ்கிருதத்தின் 'கந்தா' என்ற சொல்லிலிருந்து வந்தது இது. கிழிந்த துணியைக் குறிக்கும் 'கந்தை' என்ற தமிழ்ச்சொல்லும் அதே வேரைச் சேர்ந்தது. கர்நாடகத்தில் இவ்வகைப் போர்வையைக் கௌதி என்பர். உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் தைப்பது கவந்தி. அதன் நான்கு மூலைகளிலும் பூ எனப்படும் முக்கோண மடிப்பைச் சேர்த்த பிறகே போர்வை முழுமை பெற்றதாகக் கருதுவர்.

தமிழ்நாட்டில் ஒட்டுத்துணி வேலை தனிக் கலையாக வளர்ந்த இடம் கோயில். தேர்த் திருவிழாவில் தேரின் பக்கங்களில் உருளை வடிவில் தொங்கும் தொம்பைகளும் தோரணங்களும் வண்ணத்துணிகளை வெட்டி, மற்றொரு துணியின் மேல் வைத்துத் தைக்கப்படுபவை. தஞ்சாவூர் இவ்வேலைக்குப் பெயர் பெற்றது. வீடுகளில் இதே வேலை பெயரில்லாமல் நடந்தது. பழைய புடவை தூளியானது. தூளி நைந்தபின் குழந்தைக்கு விரிப்பானது. விரிப்பும் கிழிந்தால் நல்ல பகுதியை மட்டும் வெட்டித் தலையணைக்கு உறை தைத்தார்கள். ஒரு புடவை ஒரு குடும்பத்தில் முப்பது ஆண்டுகள் இவ்வாறு வாழ்ந்ததுண்டு.

பிற நாடுகளிலும் ஏழ்மையே இக்கலையின் தாய். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டிப் போர்வைகள் தைத்தனர். குளிருக்காகத் தைக்கப்பட்ட அவை 2002-ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் கலைப்படைப்புகளாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

அடையாறு: மாண்டிசோரியும் கலாக்ஷேத்திராவும்

கையால் செய்வதே குழந்தையின் அறிவை வளர்க்கும் என்ற கருத்தை ஐரோப்பாவில் முதலில் ஒரு முறையாக வகுத்தவர்களுள் ஜெர்மானியரான ஃபிரடெரிக் ஃபுரோபல் முக்கியமானவர். 1837-இல் அவர் தொடங்கிய பள்ளியே மழலையர் பள்ளிகளின் முன்னோடி. காகிதம் மடித்தல், காகிதப் பட்டைகளைப் பாய்போல முடைதல், துளையிட்ட அட்டையில் நூல் கோத்தல் ஆகியவை அவருடைய பாடத்தில் இருந்தன.

அடுத்த நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி இக்கருத்தை மேலும் வளர்த்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் தம் மகன் மரியோவுடன் அடையாறு வந்து ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். சில மாதங்கள் மட்டும் தங்க எண்ணி வந்தவர் அவர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு அவர்களை எதிரி நாட்டவராகக் கருதியது. மரியோ காவலில் வைக்கப்பட்டார். மாண்டிசோரியின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31-இல் அவருடைய 70-ஆம் பிறந்தநாளை ஒட்டி மரியோ விடுவிக்கப்பட்டார். மாண்டிசோரி 1946 வரை இந்தியாவில் தங்கிப் பல நூறு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

அவருடைய வகுப்பறைக் கருவிகளுள் துணிச்சட்டங்கள் எளிமையானவை. மரச்சட்டத்தில் இரண்டு துணிகள் பூட்டப்பட்டிருக்கும். ஒன்றில் பொத்தான், மற்றொன்றில் கொக்கி, வேறொன்றில் நாடா. குழந்தை தானே மாட்டிக் கழற்றிப் பழகும். தவறினால் ஆசிரியர் சொல்லத் தேவையில்லை. ஒரு பொத்தான் மிஞ்சி நின்று தவற்றைக் காட்டிவிடும். தையலிலும் கூடை பின்னலிலும் இதே நன்மை உண்டு. செய்பவரின் பிழையைச் செய்யும் பொருளே சொல்லிக் கொடுக்கிறது.

ஜார்ஜ் அருண்டேலின் மனைவி ருக்மிணி தேவி 1936-இல் அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்திரா நடனத்துக்காகப் புகழ்பெற்றது. ஆனால் அதன் தொடக்க ஆண்டுகளிலேயே அங்குத் தறிகளும் இடம்பெற்றன. நடன உடைகளுக்கான புடவைகள் அங்கே நெய்யப்பட்டன. பழைய கரைகளும் வண்ணச் சேர்க்கைகளும் மீட்கப்பட்டன. 1962-இல் நிறுவனம் திருவான்மியூருக்கு இடம் மாறியது. பின்னர் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் ஊக்கத்தால் இயற்கைச் சாயக் கலம்காரிப் பணியும் அங்கே வளர்ந்தது.

வார்தாவிலிருந்து வகுப்பறைக்கு

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஒரு திட்டத்தை முன்வைத்தார். எல்லாக் குழந்தைகளும் தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்டு கல்வி பெற வேண்டும் என்பது அதன் சாரம். ஜாகிர் உசேன் தலைமையிலான குழு பாடத்திட்டம் வகுத்தது. 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் அதை ஏற்றது. தமிழில் ஆதாரக் கல்வி எனப்பட்ட இம்முறையில் நூற்பும் நெசவும் தனிப் பாடங்களாக நிற்காமல், கணக்கு, புவியியல், வரலாறு ஆகியவற்றுக்கு வாசலாக அமைந்தன. தக்ளியைத் தொடாத சாதியின் பிள்ளையும் தக்ளி சுழற்ற வேண்டும் என்பதே இதன் சமூகப் பொருள்.

சென்னை மாநிலத்தில் 1953-இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் வேறு வகையானது. கிராமப்புறப் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கு வந்தால் போதும். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். குறைந்த செலவில் கூடுதல் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்று அரசு விளக்கியது. ஆனால் துணி வெளுப்பவரின் பிள்ளை வெளுக்கவும், மண்பாண்டம் செய்பவரின் பிள்ளை மண்பாண்டம் செய்யவுமே கற்பார்கள் என்பதைப் பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் சுட்டிக்காட்டினர். 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயர் மக்கள் மனத்தில் நிலைத்தது. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டார்.

இந்நிகழ்வின் தழும்பு இன்றும் மறையவில்லை. ஒன்றிய அரசு 2023-இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இருப்பதைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக, குடும்பப் பின்னணி கேட்காத கலைஞர் கைவினைத் திட்டம் 2025-இல் தொடங்கப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் கேள்வி ஒன்றே: கைவேலையை ஒருவர் தானே தேர்ந்து கற்கிறாரா, அது அவர்மேல் சுமத்தப்படுகிறதா?

ஈஞ்சம்பாக்கமும் முட்டுக்காடும்

விருப்பத்தோடு ஏற்ற கைவினை என்ன செய்யும் என்பதற்குச் சோழமண்டலம் கலைஞர்கள் கிராமம் நல்ல சான்று. சென்னை அரசு கலைத்தொழில் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், ஓவியத்தை மட்டும் நம்பி இளம் கலைஞர்கள் வாழ முடியாததைக் கண்டார். விளம்பர நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்து அவர்கள் கலையைக் கைவிடுவதையும் கவனித்தார். எனவே கலைஞர்கள் ஒன்றுகூடி மெழுகுச் சாயமிடும் பத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றனர். அந்த வருவாயில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்நிலம் வாங்கப்பட்டது. 1966-இல் கிராமம் உருவானது. பகலில் சில மணி நேரம் கைவினை, மீதி நேரம் சொந்த ஓவியமும் சிற்பமும் என்று வாழ்ந்த இவர்களிடமிருந்தே சென்னைக் கலை இயக்கம் வலுப்பெற்றது.

இன்னும் தெற்கே, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. டெபோரா தியாகராஜன் 1984-இல் நிறுவிய மெட்ராஸ் கைவினை அறக்கட்டளை இதை நடத்துகிறது. தென்னிந்திய மாநிலங்களின் பழைய வீடுகள் பிரித்தெடுத்து வரப்பட்டு இங்கு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. பள்ளி மாணவர்கள் இங்கே வெறும் பார்வையாளர்களாக இருக்க வேண்டியதில்லை. குயவரின் சக்கரத்தில் கைவைக்கலாம். ஓலையில் கிளி மடிக்கலாம்.

தாம்பரம்: ரயிலும் வயர் கூடையும்

1931-இல் கடற்கரை - தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னை கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது. நகரில் வேலை, புறநகரில் வீடு என்ற வாழ்க்கை பரவியது. குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், செம்பாக்கம் ஆகிய இடங்களில் குடியேறிய நடுத்தரக் குடும்பங்களின் திண்ணைகளில் பிறந்தது இன்னொரு கைவேலை. அதுதான் வயர் கூடை.

1970, 1980-களில் தமிழகமெங்கும் பரவிய இக்கூடைகளை ஒரு ரோல் கூடை, இரண்டு ரோல் கூடை என்று வயரின் அளவை வைத்துச் சொல்வர். சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் எனப் பின்னல் வகைகள் பல. புத்தகம் பார்த்துக் கற்றவர் குறைவு. பக்கத்து வீட்டு அக்காவிடம் அடிப்பாகம் போடக் கற்று, மூலை திருப்பத் தெரியாமல் மறுநாளும் அவரிடமே போய் நின்றவர்களே அதிகம். கோயிலுக்கும் சந்தைக்கும் அலுவலகச் சாப்பாட்டுக்கும் சென்ற அக்கூடைகளைப் பிளாஸ்டிக் பைகள் ஓரங்கட்டின. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபின் அவை மீண்டும் கைகளில் தெரிகின்றன.

நவராத்திரி வந்தால் இதே வீடுகளில் கொலுப் படிகளின் ஓரம் சிறுவர்களின் உலகமாகும். மரப்பாச்சிக்கு ஜாக்கெட் துணியில் புடவை, தீப்பெட்டியில் வீடு, கேழ்வரகு முளையில் வயல், கண்ணாடித் துண்டில் குளம். யாரும் மதிப்பெண் போடாத தேர்வு அது. சானடோரியம் அருகே 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகத்தில் ஆடை நிறுவனங்களும் வந்தன. எந்தத் தையல் கடையிலும் ஆயத்த ஆடைக் கூடத்திலும் மிஞ்சும் வெட்டுத்துணி, போர்வை தைப்பவருக்குப் புதையல்.

வகுப்பறையில் கைவேலை

அரசுப் பள்ளிகளில் தையல், நெசவு, தச்சு ஆகியவற்றுக்கு ஒரு காலத்தில் தனி ஆசிரியர்கள் இருந்தனர். 1977-இல் ஈஸ்வர்பாய் படேல் குழு, சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி என்ற பாடத்தைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராடி வருகின்றனர். கைவேலைக்கு நாம் தந்திருக்கும் இடத்தை அந்த ஊதியமே சொல்லிவிடுகிறது.

இதில் ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. இக்கட்டுரையாளர் கணக்கு ஆசிரியராக இருந்தபோது, பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் கைத்தொழில் பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். தையல் ஆசிரியை ஒருநாளும் மறுத்ததில்லை. மறுக்கும் நிலையில் அவர் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. பெண்களுக்குத் தையல், ஆண்களுக்குத் தோட்டம் என்று பிரித்ததையும் அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை.

உண்மையில் அந்தப் பீரியடிலும் கணக்கு இருந்தது. 60 அங்குலச் சதுரப் போர்வை ஒன்றை 5 அங்குலச் சதுரங்களால் தைக்க வேண்டும் என்று கொள்வோம். வரிசைக்கு 12 வீதம் 144 துண்டுகள் தேவை. ஒவ்வொரு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் உள்ளே போகும் என்பதால் 5½ அங்குலமாக வெட்ட வேண்டும். இதை மறந்து 5 அங்குலமாகவே வெட்டிய மாணவரின் போர்வை சுமார் 54 அங்குலத்தில் நின்றுவிடும். அரை அங்குலம் பன்னிரண்டு முறை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். மேல்துணி, நடுவே பழைய போர்வை, அடியில் பருத்திப் புடவை என மூன்றையும் அடுக்கிச் சிறு சிறு ஓட்டுத் தையலால் இணைத்தால் வேலை முடிந்தது. இயந்திரம் தேவையில்லை. ஊசி, நூல், கத்தரி, ஸ்கேல் போதும்.

முடிவுரை

கைவேலைக்கு எதிராகத் தமிழ்நாடு ஒருபோதும் போராடியதில்லை. பிறப்பை வைத்து வேலையைப் பங்கிட்டதற்கு எதிராகவே போராடியது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை ஏற்றுக்கொண்டே, கைவேலையை எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக்க முடியும். எந்தச் சாதி, ஆணா பெண்ணா, வேலைக்கு உதவுமா என்று கேட்காத ஒரு மணி நேரம் அதற்குப் போதும். அடையாறின் துணிச்சட்டமும், ஈஞ்சம்பாக்கத்தின் பத்திக் துணியும், தாம்பரத்துத் திண்ணையின் வயர் கூடையும் இதையே காட்டுகின்றன. இதைப் படிக்கும் மாணவர்கள் இந்த வாரம் வீட்டில் உள்ள மூத்தவரிடம் ஒரு முடிச்சோ ஒரு தையலோ கற்றுக்கொள்ளலாம். அதை எங்கே, யாரிடம் கற்றார் என்றும் கேட்டு எழுதி வைக்கலாம். பெயரில்லாமல் நடந்த இக்கலையின் வரலாறு பெரும்பாலும் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது.