புதர் மண்டிய தோப்புக்கு டிராக்டர் ஸ்லாஷர்: எத்தனை அடி, எத்தனை ஹெச்.பி.? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு தென்னந்தோப்பு, மாந்தோப்பு, தரிசு நிலம் என எல்லா இடத்திலும் இடுப்பளவுக்குப் புல்லும் புதரும் ஏறிவிடும். ஆள் வைத்து வெட்டலாம் என்றால் ஆள் கிடைப்பதில்லை. களைக்கொல்லி அடிக்கவும் பலருக்குத் தயக்கம். அதனால் டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டும் ஸ்லாஷர் பக்கம் விவசாயிகளின் பார்வை திரும்பியிருக்கிறது.

'பெரிசா ஒண்ணு வாங்கிட்டா வேலை சீக்கிரம் முடிஞ்சுடும்' என்ற கணக்கில் வாங்கினால், டிராக்டர் இழுக்காமல் திணறும், கியர் பாக்ஸ் உடையும், கடைசியில் கருவி கொட்டகையில் துருப்பிடிக்கும். எதைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும்?

ஸ்லாஷர் எப்படி வேலை செய்கிறது?

ரோட்டரி ஸ்லாஷர், ரோட்டரி கட்டர், ஷ்ரப் மாஸ்டர் எனக் கடைகளில் பல பெயர்களில் இது விற்கப்படுகிறது. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டிலிருந்து வரும் சுழற்சி, கார்டன் ஷாஃப்ட் வழியாகக் கருவியின் கியர் பாக்ஸுக்குப் போகிறது. அங்கிருந்து, தரைக்கு இணையாக விசிறி போலச் சுழலும் கனமான பிளேடுகளுக்குப் போகிறது.

பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. கியர் பாக்ஸ் அதை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. 5 அடி அகலக் கருவியில் பிளேடின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சுற்றும். செடியை வெட்டுவது பிளேடின் கூர்மையைவிட இந்த வேகமும் எடையும்தான். ஆபத்தும் அதே வேகத்தில்தான் இருக்கிறது.

ரோட்டவேட்டர் இருக்கும்போது இது எதற்கு?

'ரோட்டவேட்டர் வச்சு ஒரு ஓட்டு ஓட்டிட்டா போதுமே' என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு வேலை.

- ரோட்டவேட்டர் மண்ணைக் கிளறும். தென்னை, மா போன்ற மரங்களின் மேல்மட்ட வேர்கள் அறுபடும்.
- கோரை இருக்கும் நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினால் கிழங்குகள் பிரிந்து, நிலம் முழுக்கப் பரவும்.
- சரிவான நிலத்தில் கிளறிய மண் அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போகும்.
- ஸ்லாஷர் மண்ணைத் தொடாது. வெட்டிய புல் அப்படியே மூடாக்காகக் கிடந்து ஈரத்தைக் காக்கும்.

ஆனால் ஸ்லாஷர் களையை ஒழிக்காது, கட்டுப்படுத்த மட்டுமே செய்யும். வேர் உயிரோடு இருப்பதால் மறுபடி தளிர்க்கும். பூத்து விதை விழும் முன்பே வெட்டினால் பார்த்தீனியம் போன்ற களைகள் வருடத்துக்கு வருடம் குறையும்.

உங்கள் நிலத்தில் என்ன முளைத்திருக்கிறது?

கடைக்குப் போகும் முன் நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். வெட்ட வேண்டியது எது என்பதைப் பொறுத்தே கருவி மாறும்.

*புல், பார்த்தீனியம், இளம் களைகள்:* லேசான ரக ஸ்லாஷரே போதும்.

*உன்னிச்செடி, எருக்கு, ஆமணக்கு, விரல் பருமன் தண்டுள்ள புதர்:* தடிமனான மேல்தகடும், கனமான கியர் பாக்ஸும் உள்ள ரகம் தேவை. பிளேடுகளை மாட்டும் அடித்தட்டு வட்டமாக, கவிழ்த்த தாம்பாளம் போல இருக்க வேண்டும். கட்டையோ கல்லோ மோதினால் அதன் மேல் வழுக்கிப் போக இது உதவும்.

*தென்னை மட்டை, பாளை:* ஸ்லாஷர் இவற்றைத் துண்டாக்கும், தூளாக்காது. தூளாக வேண்டுமென்றால் கிடைமட்டத் தண்டில் நிறைய சிறு பிளேடுகள் தொங்கும் மல்ச்சர்தான் சரி. விலையும் கூட, கேட்கும் ஹெச்.பி.யும் கூட.

*சீமைக்கருவேலம்:* இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இளங்கன்றை ஸ்லாஷர் வெட்டிவிடும். ஆனால் தூர் மண்ணுக்குள் இருக்கும்வரை அது பல கிளைகளாகத் திரும்ப வரும். கூராக நிற்கும் அடிக்கட்டையும் முள்ளும் டிராக்டர் டயரைப் பதம் பார்க்கும். வளர்ந்த மரங்களை முதலில் ஜே.சி.பி. கொண்டு வேரோடு பிடுங்க வேண்டும். அதன்பின் முளைக்கும் கன்றுகளை அடக்கவே ஸ்லாஷர்.

எத்தனை அடிக்கு எத்தனை ஹெச்.பி.?

டிராக்டரின் போனட்டில் எழுதியிருப்பது இன்ஜினின் ஹெச்.பி. கருவிக்குக் கிடைப்பது பி.டி.ஓ. ஹெச்.பி. பொதுவாக அது இன்ஜின் ஹெச்.பி.யில் 85 சதவீதத்தை ஒட்டியிருக்கும். 45 ஹெச்.பி. வண்டியில் சுமார் 38தான் கருவிக்கு வரும்.

புல் வெட்ட ஓர் அடி அகலத்துக்கு சுமார் 5 பி.டி.ஓ. ஹெச்.பி. வேண்டும். புதர் என்றால் 6, அதற்கும் மேல். மல்ச்சருக்கு இன்னும் அதிகம். புல்லும் புதரும் கலந்த நிலத்துக்குத் தோராயக் கணக்கு இது:

- 20 முதல் 25 ஹெச்.பி. மினி டிராக்டர்: 3 முதல் 4 அடி
- 35 ஹெச்.பி.: 5 அடி
- 45 ஹெச்.பி.: 6 அடி
- 50 முதல் 55 ஹெச்.பி.: 6 முதல் 7 அடி

இன்னொரு அளவும் முக்கியம். டிராக்டரின் பின் டயர்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளந்து பாருங்கள். ஸ்லாஷர் அதைவிடக் குறுகலாக இருந்தால், டயர் மிதித்த புல் வெட்டுப்படாமல் நிமிர்ந்துவிடும்.

தென்னையில் வழக்கமான இடைவெளி 25 அடி. அங்கே 6 அடிக் கருவி தாராளமாகத் திரும்பும். அடர் நடவு மாந்தோப்பிலும், கிளை தாழ்ந்த தோப்பிலும் 4 அல்லது 5 அடிதான் வசதி.

டிராக்டரில் பார்க்க வேண்டிய 3 விஷயங்கள்

1. கிளட்ச். சிங்கிள் கிளட்ச் வண்டியில் மிதித்தால் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் இன்ஜின் இணைப்பு ஒரே நேரத்தில் துண்டிக்கப்படும். ஆனால் சுழலும் பிளேடின் வேகம் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வந்து வண்டியை முன்னே தள்ளும். கிணற்று மேட்டிலோ வேலி ஓரத்திலோ இது விபத்தில் முடியலாம். இத்தகைய வண்டிக்கு ஓவர் ரன்னிங் கிளட்ச் மாட்டியே ஆக வேண்டும். டூயல் கிளட்ச் அல்லது தனி பி.டி.ஓ. வசதியுள்ள வண்டியில், ஓட்டத்தை நிறுத்தினாலும் பிளேடு சுற்றும் என்பதால், அடர்ந்த புதரில் நிதானித்து வெட்டலாம்.

2. முன்பக்க எடை. கருவியைத் தூக்கும்போது முன் சக்கரங்கள் லேசானால் ஸ்டீயரிங் பிடிக்காது. முன்னால் எடைக்கட்டை மாட்ட வேண்டியிருக்கும்.

3. ஷாஃப்ட்டின் நீளம். கருவியை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். நீளம் அதிகமானால் ஷாஃப்ட் முட்டி கியர் பாக்ஸை உடைக்கும். குறைவானால் ஓடும்போதே கழன்று வரும். கருவியுடன் வரும் ஷாஃப்ட் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. அளந்து வெட்டித்தான் மாட்ட வேண்டும்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

- கியர் பாக்ஸ் எத்தனை ஹெச்.பி. தாங்கும்? உங்கள் டிராக்டரின் பி.டி.ஓ. ஹெச்.பி.யைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும்.
- அதிர்ச்சி தாங்க இருப்பது ஷியர் போல்ட்டா, ஸ்லிப் கிளட்சா? கல், கட்டை அதிகமுள்ள நிலத்தில் ஸ்லிப் கிளட்ச் நேரத்தை மிச்சப்படுத்தும். ஷியர் போல்ட் மலிவு. ஆனால் உடைந்தால் இறங்கி மாற்ற வேண்டும்.
- பிளேடு மடங்கும் வகையா? கல்லில் பட்டால் பின்வாங்கும் பிளேடே நல்லது.
- முன்னும் பின்னும் சங்கிலித் தடுப்பு, ஷாஃப்ட்டுக்கு பிளாஸ்டிக் உறை இருக்கிறதா? இவை இல்லாத கருவி வேண்டாம்.
- பிளேடு, பேரிங், சீல் உள்ளூரில் கிடைக்குமா?

வாங்குவதா, வாடகையா?

5 அடி ஸ்லாஷர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், திரும்பும் நேரம் போக மணிக்கு சுமார் 1.2 ஏக்கர் முடியும். 10 ஏக்கர் தோப்பை வருடத்துக்கு 3 முறை வெட்ட, மொத்தம் 25 மணி நேரம் போதும். வருடத்தில் 25 மணி நேரத்துக்காகக் கடன் வாங்கிக் கருவி எடுப்பது லாபமா என்பதை யோசிக்க வேண்டும்.

பக்கத்துத் தோப்புகளுக்கும் ஓட்டி வருமானம் பார்க்க முடியும் என்றால் வாங்கலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவதும் ஒரு வழி. இல்லையென்றால் வாடகையே மேல். வேளாண்மைப் பொறியியல் துறை உழவன் செயலியின் இ-வாடகை வசதி மூலம் டிராக்டர், கருவிகளை வாடகைக்கு விடுகிறது. உங்கள் வட்டாரத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்பதை அதிலோ, துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலோ கேட்கலாம்.

மானியம் கிடைக்குமா?

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. கருவிக்குக் கருவி உச்சவரம்பு இருப்பதால், முழு விலையில் பாதி கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டியலில் உள்ள மாடலா என்று பாருங்கள். அனுமதி கைக்கு வரும் முன் பணம் கட்டி வாங்கிவிடாதீர்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் வேளாண் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. பில்லில் அதைச் சரிபாருங்கள்.

உயிரைக் காக்கும் 6 விதிகள்

- முதலில் நடந்து பாருங்கள். புதர் மூடிய தரைமட்டக் கிணறு, மூடாத ஆழ்துளைக் கிணறு, கல்தூண், கம்பிச்சுருள், சொட்டுநீர்க் குழாய் எதுவும் வண்டி இருக்கையிலிருந்து தெரியாது. கண்டுபிடித்த இடத்தில் கொம்பு நட்டு சிவப்புத் துணி கட்டுங்கள்.
- 100 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது. பிளேடில் பட்ட கல் அவ்வளவு தூரம் பறக்கும். குழந்தைகளும் ஆடு மாடுகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.
- வேட்டி, லுங்கி, துண்டு, சேலை வேண்டாம். பி.டி.ஓ. விநாடிக்கு 9 முறை சுற்றும். நாலு முழ வேட்டி மாட்டினால் முழுதாகச் சுற்றிக்கொள்ள ஒரு விநாடிகூட ஆகாது. இழுத்து விடுபட நேரமே இருக்காது.
- பக்கத்தில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். 'சும்மா மட்கார்டுல உட்காரட்டும்' என்று ஏற்றிக்கொள்ளும் பழக்கம் ஆபத்தானது. தவறி விழுந்தால், பின்னால் வருவது சுழலும் பிளேடு.
- அடைப்பு எடுக்க இறங்கும் முன் இன்ஜினை அணைத்துச் சாவியை எடுங்கள். பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் பிளேடு சிறிது நேரம் சுற்றும்.
- ஹைட்ராலிக்கை நம்பிக் கருவிக்கு அடியில் போகாதீர்கள். கட்டையோ ஸ்டாண்டோ முட்டுக் கொடுத்த பிறகே பிளேடில் கை வைக்க வேண்டும்.

நீண்ட நாள் உழைக்க

தினமும் ஷாஃப்ட் மூட்டுகளுக்கு கிரீஸ் அடித்து, கியர் பாக்ஸ் ஆயில் அளவைப் பாருங்கள். பிளேடுகளை எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் எடை மாறி அதிர்வு ஏற்பட்டு பேரிங் போய்விடும். கத்தி போலக் கூராக்கவும் தேவையில்லை. மெல்லிய முனை முதல் கல்லிலேயே நெளியும்.

ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறது என்று கடினமான போல்ட்டை மாட்டுவது பெரிய தவறு. சில ரூபாய் போல்ட் உடையாவிட்டால், பல ஆயிரம் ரூபாய் கியர் பாக்ஸ் உடையும்.

தரையிலிருந்து 3, 4 அங்குலம் உயர்த்தி வெட்டுவதே நல்லது. மண்ணோடு மண்ணாக வழித்தால் பிளேடு தேயும், கல் பறக்கும். புதர் உயரமாக இருந்தால் முதல் முறை மேலாக ஒரு ஓட்டு, இரண்டாவது முறை தாழ்த்தி ஒரு ஓட்டு என்று போனால் வண்டிக்கும் கருவிக்கும் பாரம் குறையும்.

நிலத்தில் என்ன முளைத்திருக்கிறது, வண்டியின் பி.டி.ஓ. ஹெச்.பி. என்ன, வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.