நாணற்பெட்டிக்குப் பாடிய குரல்

1998 டிசம்பரில் வெளிவந்த 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' அனிமேஷன் படம் அடிமைகளின் பாட்டோடு தொடங்குகிறது. செங்கல் அறுப்பவர்கள், கல் இழுப்பவர்கள், சாட்டை. இந்தப் பெருங்கூட்டத்தின் குரல் சட்டென்று அடங்கி, ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒற்றைப் பெண்குரல் எழுகிறது. ஆண் குழந்தைகளைத் தேடிச் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்துகொண்டிருக்கிறார்கள். யோகெபேத் தன் கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு அவனிடம் பயப்படாதே என்கிறாள். படம் ஆங்கிலப் படம். ஆனால் இந்த இரண்டொரு அடிகள் மட்டும் எபிரேயத்தில் இருக்கின்றன. பிறகுதான் அவள் ஆற்றங்கரைக்கு ஓடுகிறாள், தாலாட்டுப் பாடுகிறாள், பெட்டியைத் தண்ணீரில் விடுகிறாள்.

எபிரேயம் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் அந்த அடிகளைக் கேட்டுக் கலங்கியிருக்கிறார்கள். தாலாட்டு என்றாலே அப்படித்தான், மொழி எதற்கு என்று சொல்லிவிடலாம். கேட்கிற குழந்தைக்கே சொல் புரியாது. பாடுகிறவள் தன்னோடு பேசிக்கொள்ளத்தான் பாடுகிறாள் என்பது நம் கிராமத்துத் தாலாட்டுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த அடிகளை ஒரு பெண் எபிரேயத்தில் பாடுவது வரலாற்றில் அத்தனை எளிதாக நடந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது.

எபிரேயம் 1600 ஆண்டுகளுக்கும் மேலாக யாருக்கும் தாய்மொழியாக இல்லை. அது வேதத்தின் மொழி, சட்டத்தின் மொழி, தொழுகையின் மொழி. அதாவது படித்த ஆண்களின் மொழி. கிழக்கு ஐரோப்பிய யூதப் பெண்கள் இத்திஷில் பேசினார்கள். அந்த மொழிக்கு அவர்கள் வைத்திருந்த செல்லப்பெயரே 'அம்மா மொழி'. எபிரேயமோ 'புனித மொழி'. பையன்கள் மூன்று நான்கு வயதில் புனித மொழிக்கு அனுப்பப்பட, பெண்கள் அடுப்படியில் அம்மா மொழியோடு இருந்தார்கள். இந்தப் பிரிவினை நமக்குப் புதிதல்ல. மந்திரம் ஒரு மொழியிலும் ஒப்பாரி இன்னொரு மொழியிலும் இருந்த ஊர்தானே நம்முடையதும்.

எபிரேயத்தைப் பேச்சுமொழியாக மீட்டவர் என்று எலியேசர் பென்-யெகூதாவைப் பாடநூல்கள் கொண்டாடுகின்றன. அந்த மீட்பு நடந்தது அவர் மனைவி தெவோராவின் உடல்மீது என்பதை அவை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1882இல் எருசலேமில் இவர்களுக்கு மகன் பிறந்தான். குழந்தையின் காதில் எபிரேயம் தவிர வேறு மொழி விழக்கூடாது என்பது தந்தையின் கட்டளை. தெவோராவுக்கு அந்த மொழி சரளமில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு பழகவும் அந்தச் சிறுவனுக்கு அனுமதியில்லை. ஒருநாள் தந்தை வீடு திரும்பியபோது, அவர் இல்லையென்ற தைரியத்தில் தாய் ரஷ்ய மொழியில் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாராம். அவர் வெகுண்டு கூச்சலிட்டாராம். பின்னாளில் பத்திரிகையாளரான அந்த மகன் இத்தமார் பென்-அவி தன் வாழ்க்கை நூலில் இதை எழுதியிருக்கிறார். தெவோரா 1891இல் காசநோயால் இறந்தார். ஒரு மொழிக்குத் தாய்மார்கள் வேண்டியிருந்தார்கள். அந்தத் தாய்மார்களின் பாட்டு வேண்டியிருக்கவில்லை.

இனி, படத்தில் யோகெபேத்தாகப் பாடியவருக்கு வருவோம். ஓஃப்ரா ஹாசா. 1957இல் டெல் அவீவின் ஏழைப் பேட்டைகளுள் ஒன்றான ஹத்திக்வாவில், ஏமன் நாட்டிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். ஏமன் யூதர்களிடம் பாட்டு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஆண்களின் பாட்டு 'திவான்' என்ற தொகுப்பில் எழுத்தில் இருந்தது. எபிரேயமும் அரபும் கலந்தது. பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் ஷாலோம் ஷபாஸியின் பாடல்கள் அதில் முக்கியமானவை. பெண்களுக்கு எழுத்தும் இல்லை, எபிரேயமும் இல்லை. அவர்கள் ஏமன் அரபில் பாடினார்கள். காதல், விருப்பமில்லாத திருமணம், சக்களத்தி, பிறந்த வீட்டு ஏக்கம் எல்லாம் அவர்கள் பாட்டில் உண்டு. வாயிலிருந்து காதுக்கு, தாயிடமிருந்து மகளுக்கு. எழுதிவைக்கப்படாததால் அது இலக்கியமாக எண்ணப்படவும் இல்லை.

1984இல் ஹாசா 'ஏமன் பாடல்கள்' என்ற இசைத்தட்டை வெளியிட்டபோது அதில் ஷபாஸியின் பாடல்களைப் பாடினார். ஆண்கள் தங்கள் விருந்துகளில் பாடிவந்த எழுத்துப் பாட்டு, எழுத்து மறுக்கப்பட்டவர்களின் பேத்தி வாய்க்கு வந்து சேர்ந்தது. அதில் ஒன்றான 'இம் நின்அலூ' தாளம் கூட்டப்பட்டு 1988இல் ஐரோப்பிய நடன அரங்குகளில் ஒலித்தது. ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. அதற்கு ஆடிய இளைஞர்களுக்கு அது முந்நூறாண்டுப் பழைமையான பக்திப் பாட்டு என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் ஒன்றும் குறைந்துபோகவுமில்லை.

அவருடைய எபிரேயத்தில் இன்னொன்று உண்டு. தொண்டையின் அடியிலிருந்து எழும் சில மெய்யொலிகளை ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் இழந்துவிட்டார்கள். ஏமன் யூதர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். மொழியறிஞர்கள் அந்த உச்சரிப்பைத் தொன்மையானதென்று புகழ்ந்தார்கள். வானொலி அறிவிப்பாளர்களுக்கு அதையே சரியான உச்சரிப்பாக வகுத்தார்கள். அதே ஒலி ஹத்திக்வாவின் தெருவில் கேட்டால் அது 'படிக்காத கிழக்கத்தியர்' பேச்சு. சிலருடைய உச்சரிப்பைப் புகழ்வதும் அவர்களை வீட்டுக்குள் விடாமலிருப்பதும் ஒரே ஆளால் முடியும் என்பதை நாமும் பார்த்துத்தானே இருக்கிறோம்.

ஆசாரமான யூதச் சமயத்துக்குள் பெண் பாடுவதே ஒரு சிக்கல். தல்மூத் என்னும் சட்டத்தொகுப்பில் ஓர் அறிஞரின் கூற்று பெண்ணின் குரலை உடலில் மறைக்க வேண்டிய பகுதிகளோடு சேர்த்து எண்ணியது. அதற்கு அவர் மேற்கோள் காட்டியது, காதலியின் குரல் இனிது என்று புகழும் உன்னதப்பாட்டை! ஒரு காதலன் ஆசையாய்ச் சொன்னதை எடுத்து வாய்ப்பூட்டாக்கிவிட்டார்கள். இன்றும் ஆசாரவாதிகளான ஆண்கள் பெண் பாடும் மேடையிலிருந்து எழுந்து போகிறார்கள். ஆனால் எல்லா ஊரிலும் இப்படி இல்லை. கொச்சியில் யூதப் பெண்கள் மலையாளத்தில் தங்களுக்கென்று தனிப் பாடல்களை வைத்திருந்தார்கள். அவற்றை நோட்டுப் புத்தகங்களில் எழுதி, படியெடுத்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். பெண்குழந்தைகளுக்கு எபிரேயமும் கற்பிக்கப்பட்டது. ஆண்களோடு சேர்ந்தே எபிரேயப் பாடல்களைப் பாடினார்கள். சமயம் ஒன்றே, ஊர் வேறானால் பெண்ணின் தொண்டையும் வேறாகிவிடுகிறது. ஆகவே 'சமயம் அப்படிச் சொல்கிறது' என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்கலாம்.

பிரெண்டா சாப்மன், ஸ்டீவ் ஹிக்னர், சைமன் வெல்ஸ் மூவரும் இந்தப் படத்தின் இயக்குநர்கள். பெரிய நிறுவனம் ஒன்றின் முழுநீள அனிமேஷன் படத்தை இயக்கிய முதல் பெண் சாப்மன்தான். இருந்தும் படத்தின் மையம் மோசேயும் ராமசேசும், அதாவது இரண்டு அண்ணன் தம்பிகளின் பாசமும் பகையும். யாத்திராகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களோ பெண்களால் நடப்பவை. பார்வோனின் கட்டளையை மீறிய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும். குழந்தையை மூன்று மாதம் ஒளித்துவைத்த தாய். நாணலுக்குள் காவல் நின்ற அக்கா. எடுத்து வளர்த்த பார்வோன் மகள். இத்தனை பேரும் சேர்ந்து செய்த சட்டமறுப்பில்தான் மோசே உயிர் பிழைத்தான். திரைப்படத்தில் பார்வோனின் மகள் அவன் மனைவியாக மாறிவிட, அப்பனுக்குத் தெரியாமல் ஒரு மகள் செய்த காரியம் என்ற கூர்மை போய்விடுகிறது.

ஆனால் மூலநூலில் இல்லாத ஒன்றைப் படம் செய்திருக்கிறது. அதற்காக இதை மன்னிக்கலாம். அரண்மனை இளவரசனாக வளர்ந்த மோசேயிடம் மிரியாம், நீ என் தம்பி என்கிறாள். அவன் நம்பவில்லை, அடிமைப் பெண்ணின் பிதற்றல் என்று சீறுகிறான். சாட்சி இல்லை, ஆவணம் இல்லை. அப்போது அவள் தாய் பாடிய தாலாட்டைப் பாடுகிறாள். அவன் நின்றுவிடுகிறான். அந்த மெட்டு அவனுக்குத் தெரியும். எழுத்தில் எங்குமே இல்லாத ஓர் உண்மைக்கு ஒரு பெண்ணின் பாட்டு சாட்சியாகிறது.

1998இல் இஸ்ரேலின் திரையரங்குகளில் இந்தக் காட்சி ஓடியபோது, அதே நாட்டில் ஒரு விசாரணை ஆணையம் தாய்மார்களின் சாட்சியங்களைக் கேட்டு முடிக்காமல் இருந்தது. 1949-50இல் ஏறக்குறைய 49,000 ஏமன் யூதர்கள் விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டுவரப்பட்டுக் கூடார முகாம்களில் வைக்கப்பட்டார்கள். கைக்குழந்தைகள் முகாமின் குழந்தைக் காப்பகத்துக்கோ மருத்துவமனைக்கோ எடுத்துச்செல்லப்பட்டன. பிறகு தாய்க்கு, குழந்தை இறந்துவிட்டது என்ற ஒற்றை வரிச் செய்தி வந்தது. பலருக்கு உடல் காட்டப்படவில்லை. புதைத்த இடமும் சொல்லப்படவில்லை. பதினாறு பதினெட்டு ஆண்டுகள் கழித்து, இறந்துபோனதாகச் சொல்லப்பட்ட அந்தப் பிள்ளைகளுக்கு இராணுவச் சேவைக்கான அழைப்பாணை வீடு தேடி வந்தபோதுதான் இது பொதுப்பேச்சானது. 1967, 1988, 1995 என்று மூன்று ஆணையங்கள் அமைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வழக்குகள். பெரும்பாலான குழந்தைகள் நோயால் இறந்தன என்பதே 2001இல் வந்த மூன்றாம் ஆணையத்தின் முடிவு. சில டசன் குழந்தைகளுக்கு என்ன ஆனதென்று அதனாலும் சொல்ல முடியவில்லை. தாய்மார்கள் பலர் இந்த முடிவை இன்றுவரை ஏற்கவில்லை.

ஆணையம் பதிவேட்டைப் பார்த்தது. தாய் தன் நினைவைச் சொன்னாள். என் பிள்ளைக்கு நோயே இல்லை, காலையில் பால் கொடுத்தேன் என்றாள். அதை அவள் அரபு கலந்த மொழியில் சொன்னாள். எபிரேயத்தில் எழுதிய குறிப்பு ஒருபுறம், எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் வாய்ச்சொல் மறுபுறம் என்றால் எது எடைகூடும் என்று சொல்லவேண்டியதில்லை. 2016இல் ஆவணங்கள் பொதுப்பார்வைக்குத் திறக்கப்பட்டன. 2021இல் அரசு வருத்தம் தெரிவித்து இழப்பீட்டுக்கு 16.2 கோடி ஷெக்கல் ஒதுக்கியது. அதற்குள் அந்தத் தாய்மார்களில் அநேகர் இறந்துவிட்டார்கள். பெட்டியை ஆற்றில் விடும் தாயின் குரலுக்கு ஏமன் யூதப் பெண்ணொருத்தி கிடைத்தது தற்செயலாக இருக்கலாம். கேட்டவர்களில் சிலருக்கு அது வெறும் கதைப்பாட்டாக இருந்திருக்க முடியாது.

இதோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு. இதே எபிரேயம் பாலஸ்தீனத் தாய்மார்களுக்குச் சோதனைச்சாவடியின் மொழி, வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் ஆணையின் மொழி. பயப்படாதே என்று ஒரு குழந்தையிடம் சொல்லும் மொழியே இன்னொரு குழந்தையை அச்சத்தில் எழுப்புகிறது. பாட்டு உருக்குகிறது என்பதற்காக இதை மறக்கவேண்டியதில்லை. இது தெரியும் என்பதற்காக உருகாமல் இருக்கவும் வேண்டியதில்லை.

படத்தின் பிற்பகுதியில் இன்னொரு எபிரேயப் பாட்டு வருகிறது. அடிமைகள் எகிப்தைவிட்டு நடக்கையில் குழந்தைகளின் குரலில் எழும் வரிகள் அவை. செங்கடலைக் கடந்தபின் பாடப்பட்டதாக யாத்திராகமம் 15இல் உள்ள பாடலிலிருந்து எடுக்கப்பட்டவை. மூலத்தில் அந்தப் பாட்டு மோசேக்கு 18 வசனங்களாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பிறகு மிரியாம் தம்புரு எடுத்துக்கொண்டு பெண்களோடு ஆடி வருகிறாள். அவள் வாயில் வைக்கப்பட்டிருப்பது ஒரே வசனம். முதலில் பாடியவள் அவளாகவே இருக்க வேண்டும், பாட்டு பிறகு தம்பிக்கு மாற்றப்பட்டிருக்கும் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பெண்ணிய ஆய்வாளர்கள் இதை விரிவாகவே வாதிட்டிருக்கிறார்கள். சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுவடித் துண்டு ஒன்றில் மிரியாமின் பாட்டாக இன்னும் சில வரிகள் இருக்கின்றன. சிதைந்த வரிகள்தான். ஆனால் அவள் பாட்டு ஒரு வசனத்தோடு முடியவில்லை என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்குமுன் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

ஹாசா இந்தத் தாலாட்டைப் பதினைந்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பாடிக்கொடுத்தார். பெரும்பாலானவை அவருக்குத் தெரியாத மொழிகள். நாடு நாடாக மற்றப் பாத்திரங்களின் குரல் மாறியது. பல நாடுகளில் யோகெபேத்தின் குரல் மட்டும் அவருடையதாகவே இருந்தது. யோகெபேத்தின் முகத்தையும் அவர் சாயலிலேயே வரைந்தார்கள்.

படம் வந்து பதினான்கு மாதங்களில், 2000 பிப்ரவரி 23 அன்று, 42ஆம் வயதில் அவர் இறந்தார். எய்ட்ஸ் தொடர்பான நோய் என்று இஸ்ரேலியச் செய்தித்தாள்கள் எழுதின. அவர் உயிரோடு இருந்தவரை அதை வெளியே சொல்ல அவரால் முடிந்திருக்கவில்லை. சிகிச்சைக்கு வரவே தாமதித்தார். யாரிடமிருந்து தொற்றியது, எப்படித் தொற்றியது என்று நாடே துப்பறிந்தது. அடக்கமான பெண் என்ற பிம்பத்துக்குள் ஒரு நோயை ஒளித்துவைக்க வேண்டிய நிலையில் அவரை வைத்தது யார் என்ற கேள்வி அந்த இரைச்சலில் மிகக் குறைவாகவே கேட்டது.

எண்ணாகமத்தில் மிரியாமும் ஆரோனும் மோசேக்கு எதிராகப் பேசுகிறார்கள். பேசியது இருவர், தோல்நோய் வந்தது மிரியாமுக்கு மட்டும். அவளை ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே தள்ளிவைத்தார்கள். அவள் திரும்பி வந்து சேரும்வரை மக்கள் கூடாரங்களைக் கிளப்பவில்லை. யாரும் ஓர் அடி நகரவில்லை.