எட்டாம் நம்பர் உடம்பு

சென்ற வருஷம் என் தமக்கை நான்கு மாதம் நோயில் கிடந்து எழுந்தாள். உடம்பில் 14 கிலோ குறைந்திருந்தது. பழைய உடுப்புகள் எல்லாம் கொடியில் காயப்போட்ட மாதிரி அவள்மேல் தொங்கின. புதிதாக நாலு சல்வார் கமீஸ் வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு ரெடிமேட் கடைக்கு அழைத்துப் போனேன். அரை மணி நேரத்துக்குள் அவள் மூன்று பெண்களாகிவிட்டாள். ஒரு கமீஸில் அவள் 'எஸ்'. அடுத்ததில் 'எம்'. மூன்றாவது கமீஸோ 'எக்ஸெல்'லுக்குக் குறைந்து தோளைத் தாண்டி இறங்கவே மறுத்துவிட்டது. ஒரே கடை, ஒரே அலமாரி! முதலில் மலர்ந்த முகம் பிறகு வாடியது. கடைசியில் திரைக்குப் பின்னாலிருந்து, "ஏண்டா, நான் இளைச்சிருக்கேனா, இல்லையா?" என்று கேட்டாள். குரலில் வேடிக்கை இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், கடைசியில் அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதாயிற்று.

அளவு என்பது ஒரு காலத்தில் தனி மனிதரின் சொத்தாக இருந்தது. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தையற்காரரிடம் எண் போட்ட நாடா கிடையாது. ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் ஒரு நீளக் கீற்று இருக்கும். மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று அதில் வெட்டி அடையாளம் செய்து, பத்திரப்படுத்துவார். ஒருவர் கீற்று மற்றவருக்கு உதவாது. அங்குலம் குறித்த நாடா 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கத்துக்கு வந்த பிறகுதான், ஒருவர் உடம்பை இன்னொருவர் உடம்போடு எண்ணால் ஒப்பிட முடிந்தது. அப்புறம் யுத்தம் வந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு ஆள் ஆளாக அளவெடுத்துத் தைக்க யாருக்கு நேரம்? உடுப்புகளைச் சில குறிப்பிட்ட அளவுகளில் மொத்தமாகத் தைத்துக் குவித்தார்கள். மார்பளவு தெரிந்தால் மற்ற அளவுகளை ஒருவாறு ஊகித்துவிடலாம் என்ற நம்பிக்கை ஆண்கள் உடை விஷயத்தில் ஓரளவு பலித்தது. இதற்கிடையே 1863-இல், எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் வீட்டிலேயே வெட்டித் தைத்துக்கொள்ளக் காகித மாதிரிகளைப் படிப்படியான அளவுகளில் விற்கத் தொடங்கினார்.

பெண்கள் விஷயத்தில்தான் மார்புக் கணக்கு சரிப்படவில்லை. ஒரே மார்பளவுள்ள பத்துப் பெண்களை நிறுத்தினால் பத்து இடுப்பு, பத்து உயரம். இருபதாம் நூற்றாண்டில் தபால் மூலம் உடை விற்ற பெரிய வியாபாரிகளுக்கு, போன சரக்கு வந்த வழியே திரும்பி வந்தது.

ஆகவே சர்க்கார் நாடாவைக் கையில் எடுத்தது. 1939-இலும் 1940-இலும் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த மனையியல் பிரிவு, ரூத் ஓ'பிரையன் என்ற அம்மையாரின் தலைமையில் ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள்! அவரும் வில்லியம் ஷெல்டன் என்பவரும் எழுதிய அறிக்கை 1941-இல் வெளிவந்தது. அதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் ருசிகரமாக இருந்தது. உடம்பின் தன்மையை நன்றாகக் காட்டுவது எடையும் உயரமும்தான் என்று கணக்கு சொன்னது. ஆனால், கடைகளில் தராசு வைக்க வேண்டும்; பெண்கள் தங்கள் எடையைச் சொல்லப் பிரியப்பட மாட்டார்கள். இந்தக் காரணங்களால் எடை கைவிடப்பட்டது. விஞ்ஞானம் கூச்சத்துக்கு வழிவிட்ட இடங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு விஷயம் அவ்வளவு ரசமானதல்ல. வெள்ளையர் அல்லாத பெண்கள் சிலரும் வந்து அளவு கொடுத்தார்கள். அவர்கள் மனம் நோகக்கூடாது என்று அவர்களையும் அளந்துகொண்டு, கணக்குப் போடும்போது அந்தத் தாள்களை ஒதுக்கிவிட்டார்கள். சராசரி அமெரிக்கப் பெண் அப்படித்தான் பிறந்தாள்.

அந்தக் கணக்கிலிருந்து எழுந்த அதிகாரபூர்வமான அளவுப் பட்டியல் 1958-இல் வந்தது. 8-இலிருந்து 38 வரை நம்பர்கள், உயரத்துக்கு எழுத்து, இடுப்புக்குக் கூட்டல் கழித்தல் குறிகள். எட்டாம் நம்பர்க்காரிக்கு மார்பு 31 அங்குலம், இடை 23½, இடுப்பு 32½. 1970-இல் பட்டியலைத் திருத்திப் பார்த்தார்கள். 1983-இல் சர்க்கார் அதை அடியோடு வாபஸ் வாங்கிக்கொண்டது. கட்டாயமாக யாரும் பின்பற்ற வேண்டியிராத பட்டியல், பின்பற்றப்படாமலே முடிந்தது.

காரணம் சுலபம். நம்பர் சின்னதாக இருந்தால் வாங்குகிறவர் மனம் குளிர்கிறது என்பதை வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். துணி பெரிதாயிற்று, சீட்டில் நம்பர் சிறிதாயிற்று. இறங்கி இறங்கிப் பூஜ்யம் வந்தது. அதற்கும் கீழே இடம் வேண்டி இரட்டைப் பூஜ்யம் வந்தது. 1958-இன் எட்டாம் நம்பர் பெண், இன்றைய இரட்டைப் பூஜ்யத்தையும்விட மெல்லியவள்!

இதோடு இன்னொரு கோளாறும் உண்டு. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த ஒரு மாதிரிப் பெண்ணுக்கு முதல் உடையைத் தைத்துப் பார்க்கிறது. அதிலிருந்து மேலும் கீழுமாக, இத்தனை அங்குலம் என்று ஒரே சீராகக் கூட்டியும் குறைத்தும் மற்ற அளவுகளை வெட்டுகிறது. உடம்பு அப்படியா இளைக்கிறது? இடையும் வயிறும் குறையும். தோள் எலும்பு குறையுமா? இரண்டு அளவு இறங்கியவளுக்கு இரண்டு அளவு சிறிய உடுப்பு தோளில் பிடிப்பதும், பழையது வயிற்றில் தொளதொளப்பதும் இதனால்தான். 'எஸ்', 'எம்' என்ற எழுத்துக்களோ, எந்த அங்குலத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல. நம் நாட்டுக் கடைகள் அந்நியப் பட்டியல்களையே தழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, 2018-இல் தேசிய ஆடை வடிவமைப்புக் கழகம் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. ஆறு நகரங்களில், 15 வயது முதல் 65 வரை, 25,000 பேரைக் கருவிகளால் அளப்பது என்று திட்டம்.

இவ்வளவையும் தமக்கையிடம் சொன்னேன். "அப்போ அந்த 'எஸ்' பொய்யா?" என்றாள். அது ஒன்றுதான் அவளுக்கு வருத்தம்.

மறுநாள் பழைய கமீஸ்களையும் ரவிக்கைகளையும் மூட்டை கட்டிக்கொண்டு தெருமுனைத் தையற்காரரிடம் போனோம். இருபது வருஷமாக அவரிடம்தான் தைக்கிறாள். அளவெடுத்தது முதல் வருஷத்தோடு சரி. பிறகெல்லாம் அளவு ரவிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கம். அன்றைக்கும் பழக்கத்தில் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. கழுத்தில் கிடந்த நாடாவை உருவினார்.

"தோள் அப்படியே இருக்கும்மா. பக்கத்துலதான் பிடிக்கணும். மிச்சத் துணியை வெட்டாம உள்ளேயே விட்டுடறேன். நல்லாச் சாப்பிட்டு உடம்பு தேறினா பிரிச்சுக்கலாம்" என்றார்.

தமக்கை கைகளை அகற்றி நின்றாள். அவர் ஒவ்வொரு அளவாகச் சொல்லச் சொல்ல, பையன் நோட்டில் எழுதிக்கொண்டான்.