மஞ்சள் ஒண்ணுதான், காரணம் வேற

மஞ்சள் காமாலை உண்மையில ஒரு நோய் கிடையாது, அது ஒரு அறிகுறி. ரத்தத்துல பிலிரூபின் கூடினா கண்ணு மஞ்சளாகும். ஏன் கூடுச்சுங்கறதுதான் கேள்வி. பித்தக் குழாயைக் கல் அடைச்சிருக்கலாம், சிவப்பணுக்கள் வேகமா உடையலாம், கல்லீரலை வைரஸ் தாக்கியிருக்கலாம். ஒரு ஊருக்கே வந்த காமாலையோட காரணத்தைக் கண்டுபிடிக்க எத்தனை வருஷம் ஆச்சுங்கறதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

1955 கடைசி, டெல்லி. யமுனையில வெள்ளம் வந்து ஆறு தடம் மாறுது. நஜஃப்கர் வடிகாலோட சாக்கடை, வசீராபாத்ல குடிநீர் எடுக்கிற இடத்துக்கே வந்துடுது. பொறியாளர்கள் குளோரினைக் கூட்டுறாங்க. அதனால டைஃபாய்டு பரவல. ஆனா சில வாரத்துல சுமார் 29,000 பேருக்குக் காமாலை!

தண்ணியில பரவுற காமாலைன்னா அன்னைக்குத் தெரிஞ்ச பேரு ஒண்ணுதான். இன்னைக்கு அதை ஹெபடைடிஸ் ஏ-ன்னு சொல்றோம். டெல்லியில வந்ததும் அதுதான்னு எல்லாரும் நம்புனாங்க. உறுதிப்படுத்த அப்போ ரத்தப் பரிசோதனையே கிடையாது.

ஆனா ரெண்டு விஷயம் இடிச்சுது. ஹெபடைடிஸ் ஏ நம்ம ஊர்ல பெரும்பாலும் சின்ன வயசுலயே வந்துட்டுப் போயிடும், அதுக்கப்புறம் எதிர்ப்பு சக்தி இருக்கும். டெல்லியில படுத்தவங்க அதிகமா இளைஞர்கள். ரெண்டாவது, கர்ப்பிணிகள் நிறைய பேர் இறந்தாங்க. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்வாங்கல்ல? அப்படித்தான் ஆச்சு. தடயம் கண்ணு முன்னாடி இருந்தும் பேரு மாறல.

1978-ல் காஷ்மீர்ல மறுபடியும் அதே மாதிரி ஒரு பரவல். மறுபடியும் கர்ப்பிணிகள் சாகுறாங்க. முகமது சுல்தான் குரூங்கற இளம் மருத்துவர் ஊர் ஊராப் போய்க் கணக்கெடுக்கிறார். இதுக்குள்ள ஏ, பி ரெண்டுக்கும் டெஸ்ட் வந்தாச்சு. ரெண்டும் இல்லைன்னு தெரிஞ்சுது. டெல்லி நோயாளிகளோட பழைய ரத்த மாதிரிகள் பத்திரமா இருந்துச்சு. அதையும் சோதிச்சு 1980-ல் முடிவை வெளியிட்டாங்க. அதுவும் ஏ இல்ல! கால் நூற்றாண்டு தப்பான பேரு.

அப்போ வைரஸ் எது? மாஸ்கோ விஞ்ஞானி மிகைல் பலாயான், ஆப்கானிஸ்தான்ல காமாலை வந்த சோவியத் வீரர்களோட மலத்தை வடிகட்டி, தானே குடிச்சார். அவருக்கு ஏற்கெனவே ஏ-க்கு எதிர்ப்பு சக்தி இருந்துச்சு. அப்படியும் காமாலை வந்துச்சு. தன்னோட மலத்துலயே அந்த வைரஸை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பார்த்தார். 1983-ல் அந்த ஆய்வு வெளியாச்சு. பின்னாடி அதுக்கு ஹெபடைடிஸ் இ-ன்னு பேரு வந்தது.

இந்தப் பேரு ஏன் முக்கியம்? கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துல இது வந்தா 20 முதல் 25 சதவீதம் பேர் வரைக்கும் இறக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதனால வீட்ல யாருக்காவது கண்ணு மஞ்சளானா, கீழாநெல்லியோட நிறுத்திடாதீங்க. எதனால வந்துச்சுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கர்ப்பிணியா இருந்தா அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.